இறங்கும் புள்ளி

கரும்பலகையில் படிக்கட்டு போல இறங்கும் ஒரு சார்பின் கோட்டை வரைந்து, ஒவ்வொரு படியின் மேலும் ‘வகைக்கெழு பூஜ்யம், மாற்றமில்லை’ என்று எழுதினார் மெஹருன்னிசா டீச்சர்.

“எங்க பாத்தாலும் மாற்றமில்லைன்னா, கோடு எப்படி டீச்சர் இவ்ளோ கீழ வந்துச்சு?” என்றாள் பாரிஜாதம்.

“இறங்குற புள்ளியில வகைக்கெழுவே கிடையாதும்மா.” இரண்டு படிகளுக்கு நடுவிலிருந்த இடைவெளியில் வைத்த சாக்பீஸை எடுக்காமல் நின்றார்.

மாலையில் கணவரைப் பார்க்க டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, நர்ஸ் வழக்கம்போல, “சார் நேத்து மாதிரியேதாம்மா இருக்காரு” என்றாள்.

போன மாதம் அவர் வராந்தாவில் நடந்தார். பிறகு கட்டிலில் சாய்ந்து உட்கார மட்டும் முடிந்தது. நேற்றுவரை கஞ்சியையாவது விழுங்கினார். இன்று ஊட்டிய முதல் கரண்டி கடைவாயில் அப்படியே வழிந்தது. டீச்சர் அவசரமாக முந்தானையால் துடைத்தார்.

“சாப்பிட்டாராம்மா?”

“ம்... நேத்து மாதிரியேதான் சிஸ்டர்.”