வருகிற தேதி

செண்பகவல்லி தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது, "நான் வர்ற தேதி வரைக்கும் காலண்டரக் கிழிச்சு வெச்சிட்டேன். நீங்க எங்க அதெல்லாம் கிழிக்கப் போறீங்க" என்றாள். வாசலில் ஆட்டோ நின்றது. அவள் கணவர் தணிகாசலம் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி சரி" என்றார். எந்தத் தேதி என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், அவள் கிளம்ப நேரமாகும்.

பிறகு வீடு அவருடையதாயிற்று. ஈரத் துண்டைக் கட்டில்மேலேயே போட்டார். பரோட்டா வாங்கிவந்து, தட்டு வைக்காமல் பொட்டலத்திலேயே தின்றார். டிவியைத் தெருவுக்கே கேட்கும்படி வைத்தார். முப்பத்தொரு வருஷமாக ஒருத்தி குறுக்கே நடமாடிக்கொண்டிருந்த கூடத்தில் காலை நீட்டிப் படுத்து, "சொர்க்கம்" என்று வாய்விட்டுச் சொன்னார். அவள் ஃபோன் செய்யவில்லை. அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பத்தாவது நாள் எதிர் வீட்டு நூர்ஜஹான் வாசலில் வந்து நின்றாள். "அக்கா எப்பண்ணே வர்றாங்க?"

"காலண்டர்ல இருக்கும்மா, பாத்துச் சொல்றேன்."

அது சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே அவருக்குச் சற்று நேரமாயிற்று. முருகன் படம் போட்ட அட்டை மட்டும் ஆணியில் இருந்தது. ஆகஸ்ட்டே இன்னும் முடியவில்லை. டிசம்பர் முப்பத்தொன்று வரை ஒரு தாள்கூட மிச்சமில்லை.

"எந்தத் தேதிண்ணே?" வாசலிலிருந்து மறுபடியும் குரல் வந்தது.

அவர் அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.