குனிந்த வீடு

திராட்சைப் பந்தலுக்கு மேலே தலை தெரியக் கூடாது, தோட்டத்தோடு தோட்டமாக இருக்க வேண்டும் என்று அந்த வீட்டைத் தாழ்வாகக் கட்டினார்கள். வீடும் முனகாமல் குனிந்தே நின்றது.

ரோட்டிலிருந்து பார்த்தால் வீடு தெரியவில்லையே என்று முதலாளி மறுவருஷமே பந்தலைப் பிரித்துவிட்டார். இரும்புக் கதவு மாட்ட பந்தலின் ஒரே ஒரு கல்தூணை மட்டும் விட்டுவைத்தார்.

“அண்ணே, பந்தல்தான் போயிடுச்சே. இனி நான் நிமிரலாமா? இடுப்பு விட்டுப்போச்சு” என்று வீடு தூணிடம் கேட்டது.

“கொடி சுமந்தவன் நான், இப்ப கதவு சுமக்குறேன். நம்மளை யாரு கேக்குறா? பேசாம நில்லு தம்பி” என்றது தூண், அலுப்போடு.

அன்று வந்த விருந்தாளி வாசலில் தலையை இடித்துக்கொண்டார். “இவ்வளவு தாழ்வா எதுக்குங்க கட்டினீங்க?”

முதலாளி வெறும் நிலத்தைப் பார்த்தார். எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவு வரவில்லை.