மருமகள் மோதிரம்

"மூணு தலைமுறையா எங்க வீட்டு மருமகளுங்க போட்ட மோதிரம் இது. இதுவரைக்கும் யாரும் ஒரு குறை சொன்னதில்ல. நிச்சயத்துல போட்டுவிட்டதை நீ பத்தே நாள்ல கழட்டிட்டியே!"

தோல் டாக்டரின் அறையில் உட்கார்ந்த பிறகும் வருங்கால மாமியார் விடுவதாக இல்லை. வருங்கால மருமகள் புண்ணான விரலை நீட்டிக் காட்டினாள்.

"பிடிக்காம கழட்டல அத்தை. விரல் அப்படி எரிஞ்சுது. நீர் கோத்துக்கிச்சு."

"சொந்தக்காரங்க வாயை யார் மூடறது? பொண்ணுக்கே இஷ்டமில்லைன்னு பேசமாட்டாங்களா?"

அவளுக்கா இஷ்டமில்லை? மாப்பிள்ளை என்றால் அவளுக்கு உயிர். ஒரு மோதிரத்தால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை. டாக்டரிடம் நேரம் கேட்டு வாங்கியதும் அத்தைதான். தன் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் இழுத்து வந்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

சோதனைக்காக இரண்டு நாள் முன்பு அவள் முதுகில் மருந்துகள் ஒட்டியிருந்த இடங்களை டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓர் இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"நிக்கல்தான் உங்களுக்கு ஒத்துக்கல. என்னம்மா வேலை பண்றீங்க?"

"பார்லர்ல டாக்டர். ஒரு நாளைக்கு இருபது தலைக்கு ஷாம்பு போடுவேன்."

"அதான் விஷயம். தோல் ஒரு சுவர் மாதிரி. நாள் பூரா சோப்புத் தண்ணியில ஊறினா பூச்சு உதிர்ந்து விரிசல் விடும். நிக்கல் அது வழியா சுலபமா உள்ள நுழைஞ்சிடுது. திருடன் புகுந்துட்டான்னு உடம்பு ஊரையே கூட்டுது."

"எங்க மோதிரத்துல ஏது நிக்கல்? அது தங்கமாச்சே!" என்றார் அத்தை.

டாக்டர் பஞ்சில் இரண்டு சொட்டு மருந்து விட்டு மோதிரத்தை அழுத்தித் தேய்த்தார். வெள்ளைப் பஞ்சு ரோஜா நிறமானது.

"பாத்தீங்களா? தங்கத்தோட நிக்கலும் கலந்திருக்கு."

"சந்தேகமே இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா."

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்க."

"நல்லாப் பாத்துட்டேன். இவங்க இனிமே இதைப் போடவே கூடாது."

அத்தை விருட்டென்று எழுந்தார். எல்லாம் முடிந்தது என்று அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அடுத்த நொடி, யாரோ அவளை மூச்சு முட்டக் கட்டிக்கொண்டார்கள். அத்தைதான்! சிரிப்பில் அவர் உடம்பே குலுங்கியது.

பிறகு டாக்டர் முன்னால் தன் விரலை நீட்டினார். அதைச் சுற்றிலும் கன்னங்கரேலென்று ஒரு தழும்பு.

"முப்பது வருஷம் எனக்கும் இதே எரிச்சல் டாக்டர்! குவியல் குவியலா பாத்திரம் தேய்ச்ச கை. மாமியாருக்குப் பயந்து பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டிருந்தேன். மருமக வந்தாத்தான் கழட்டலாம்னு எங்க வீட்டுச் சட்டம். இல்லைன்னா, படிப்பு முடிச்ச மறுநாளே என் பையனுக்கு எதுக்குப் பொண்ணு தேடினேன்?"