மிச்சமான நட்டு

பிரித்துப் பூட்டத் தொடங்கிய ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை இருதயராஜின் பழைய இத்தாலி பைக் ஒரே உதையில் கிளம்பியது. அவர் லுங்கியோடு துள்ளிக் குதித்தார்.

கீழே விரித்த பேப்பரில் ஒரு நட்டு மிச்சமிருந்தது.

"எங்கேயாவது உருண்டு ஓடிடு!" என்று பைக் கெஞ்சியது. "உன்னைப் பார்த்தால் மறுபடி என்னைப் பிரித்துவிடுவார். இன்றைக்காவது நான் கடற்கரைக்குப் போகணும்."

அவர் பார்த்துவிட்டார். பைக் கிளம்பியபோது மலர்ந்ததைவிட முகம் இன்னும் மலர்ந்தது. இன்ஜினை அணைத்து ஸ்பேனரை எடுத்தார்.

"அடப்பாவி, நீ என் உடம்பில் எந்த இடத்து நட்டு?" என்று பைக் கேட்டது.

"உன்னுடையதா? நான் கிரைண்டர் நட்டு. உனக்குப் பொருந்துமா என்று பார்க்கக் காலையில்தான் கழற்றிக்கொண்டு வந்தார்."

வீட்டுக்குள்ளே கிரைண்டர் மாவோடு குதிக்கத் தொடங்கியது. "ஏங்க!" என்று ஒரு அலறல் கேட்டது.

அதற்குள் பைக்கின் டேங்க் தரைக்கு வந்திருந்தது.