ஆட்டத்துக்கு எடுக்காத குண்டு

சண்பகம் தன் கோலிக்குண்டு டப்பாவைத் திறந்தாலே பூனைக்கண் குண்டு அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

"உனக்கென்ன பயம்? உன்னை அவ ஒருநாளும் ஆட்டத்துக்கு எடுத்ததில்லையே," என்றது பச்சைக் குண்டு.

"அழகா இருக்கேன்ல, தோத்துடக்கூடாதுன்னு வச்சிருக்கா. ஆனாலும் பக்குன்னு இருக்கு. அந்த ஓரம் உடைஞ்ச மூளிக்குண்டைத்தான் தினமும் எடுத்துட்டுப் போறா. போனா போகட்டும்னுதான்."

அன்று மூளிக்குண்டு திரும்பி வரவில்லை. எதிர்வீட்டு மரியதாஸ் அதை ஜெயித்துவிட்டான்.

"நான் சொல்லல?" என்றது பூனைக்கண்.

மறுநாள் சண்பகத்தின் விரல்கள் டப்பாவின் அடிவரை துழாவிப் பூனைக்கண்ணை எடுத்தன.

"டேய் மரியதாஸ், இதை நீயே வச்சுக்க. குறி தப்பாத என் அடிகுண்டை, அந்த மூளியைக் கொடுத்துடுடா!"