நாலு மணி போன்

பேக்கரி மாஸ்டர் வாய் கூசாமல் பொய் சொன்னார்.

"பசியா? எனக்கா? அதெல்லாம் ஆபரேஷனோட போயே போச்சும்மா!"

இடது கையில் போன். வலது கையில், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கிய வெண்ணெய் பன். வாய்க்கும் பன்னுக்கும் நடுவே நாலு விரற்கடை தூரம்தான்.

"எனக்கு அப்படி இல்லைண்ணே. ஐஸ்கிரீம் கடை வாசல்ல நிக்கறேன். வண்டி தானா வந்து நின்னுடுச்சு. ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டா என்னன்னு தோணுது."

"தோணும். அது வயித்துப் பசி இல்லை, கண்ணுப் பசி. வண்டியை எடும்மா. பத்து நிமிஷம் ஓட்டு, தானா அடங்கிடும்."

"பேக்கரியிலேயே நின்னுக்கிட்டு நீங்க எப்படிண்ணே சமாளிக்கறீங்க?"

"எல்லாம் மனசுதாம்மா!"

போனை வைத்தார். பன்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

கல்லாவில் இருந்த மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பேச்சுல பெரிய மகான்! கையில பன்னு! அந்தப் பொண்ணுகிட்ட தினமும் இப்படிப் புளுகறீங்களே, வெக்கமா இல்லை?"

"நானும் தடுமாறறேன்னு தெரிஞ்சா அது சாப்பிட்டுடும். ஆஸ்பத்திரி சிஸ்டர் சொல்லியிருக்காங்க."

சிஸ்டர் சொன்னது மூன்று மாதத்துக்கு முன்னால்.

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு நூற்று நாற்பது கிலோ மாஸ்டர் மடமடவென்று இறங்கினார். முழங்கால் வலி இல்லாமல் அடுப்பு முன்னால் நின்றார். மூன்றாம் மாதம், அடங்கிக் கிடந்த பசி மறுபடி தலைகாட்டியது. வயிறு சின்னக் கிண்ணம் அளவுதான். ஆசைக்கு ஏது அளவு? ஒருநாள் இரண்டு பன் உள்ளே போக, மாஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாவு மூட்டை மேல் சுருண்டுவிட்டார்.

"இப்படியே போனா குறைஞ்ச எடை திரும்பி வந்துடும். அப்புறம் அந்த முழங்காலை வச்சுக்கிட்டு அடுப்பு முன்னால நிக்க முடியாது," என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு வேறு தொழில் தெரியாது.

முகம் தொங்கிப்போய் வெளியே வந்தவரிடம் சிஸ்டர் கேட்டார்.

"எந்த நேரத்துல ரொம்பத் தடுமாறுது?"

"நாலு மணிக்கு. பன் இறங்கற நேரம்."

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும் நீங்க. டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கிற பொண்ணு ஒண்ணு. இதே ஆபரேஷன்தான். ஐஸ்கிரீமைப் பார்த்தா சும்மா இருக்க முடியலை. உங்க நம்பரைக் கொடுக்கறேன். தைரியம் சொல்லுங்க. உங்க கஷ்டத்தை மட்டும் காட்டிக்காதீங்க."

தன்னையும் நம்பி ஒரு ஜீவன் இருக்கிறதே என்று மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாளிலிருந்து ஒருநாள் தவறாமல் போன் வந்தது. "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை அந்தப் பெண்ணுக்கு. குரல்தான் பழக்கம். முகம் பார்த்ததில்லை.

ஆறாம் மாதப் பரிசோதனை வந்தது. எடை தொண்ணூற்றெட்டு. டாக்டர் கை குலுக்கினார். மாத்திரைச் சீட்டுக்காக மாஸ்டர் வராந்தாவில், ஒரு தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மணி நாலு.

"அண்ணே, ஐஸ்கிரீம் கடை வாசல்ல நிக்கறேன்..."

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். அந்தக் கட்டைக் குரல் போனிலும் கேட்டது, தூணுக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

மெல்ல எட்டிப் பார்த்தார். டிரைவிங் ஸ்கூல் சட்டை போட்ட பெண் ஒருத்தி சாவகாசமாகக் காலை ஆட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஐஸ்கிரீமைக் காணோம்.

மாஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடிப்பாவி! மூன்று மாதமாக என்னை முட்டாளாக்கினாயா?

"அண்ணே? இருக்கீங்களா?"

"ம்... வண்டியை எடும்மா," என்றார் கிசுகிசுப்பாக.

"ஏண்ணே மெதுவா பேசறீங்க?"

"கடையில கூட்டம்," என்று சொல்லிப் போனை வைத்தார். நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான் என்று எழப் போனார்.

அதற்குள் சிஸ்டர் அந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"என்னம்மா, பேசிட்டீங்களா?"

"பேசிட்டேன் சிஸ்டர். நீங்க சொன்னபடியே, பன் இறங்கற நேரத்துக்குச் சரியா கூப்பிட்டுடறேன். கடையில கூட்டமாம். ஆனா வாயில பன் இல்லை. மெதுவா பேசினாலும் குரல் தெளிவா இருந்துச்சு."

சிஸ்டர் சிரித்தார். "உங்க ஐஸ்கிரீம் ஆசை என்னாச்சு?"

"முதல்ல நிஜமாவே கடை வாசல்லேருந்துதான் பேசினேன். அவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு, ரெண்டு மாசமா அந்தப் பக்கமே போகலை. ஆனா அதை அவர்கிட்ட சொன்னா, வேலை முடிஞ்சுதுன்னு பன்னுல இறங்கிடுவாரே! பாவம் சிஸ்டர், நல்ல மனுஷர்."

மாஸ்டரின் கோபம் போன இடம் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. 'நான்தாம்மா அந்த மாஸ்டர்' என்று போய் நிற்க ஆசையாகத்தான் இருந்தது.

போகவில்லை. மாத்திரைச் சீட்டை நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று, தூண் மறைவிலேயே ஓசைப்படாமல் நடந்து வெளியேறினார்.

நாளைக்கும் நாலு மணிக்கு அந்த போன் வரவேண்டுமே!