இடது இடுப்பு

“நான் நிமிர்த்தி அனுப்புறேன். நீங்க வாரா வாரம் கோணிக்கிட்டு வந்து நிக்கறீங்க!”

முதுகெலும்பை நிமிர்த்தும் கைரோபிராக்டர் அலுத்துக்கொண்டே அழுத்தினார். குப்புறப் படுத்திருந்தவளின் முதுகில் சடக்கென்று சத்தம் கேட்டது.

“இப்ப வலி எப்படிம்மா?”

“தேவலை, டாக்டர்.”

“நாளைக்கே திரும்பிடும். பிள்ளையை இடது இடுப்புலேயே தூக்கி வச்சுக்கிட்டு நிக்கறதால வர்ற வினை இது. பையனுக்கு என்ன வயசு?”

“மூணு.”

“மூணு வயசுப் பயலுக்கு இடுப்பு எதுக்கு? கீழ விடுங்க, ஓடட்டும்.”

“இறங்க மாட்டான், டாக்டர்.”

அவள் உடை மாற்றப் போனதும், வெளியே காத்திருந்த கணவனைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் சார், பையனை நீங்க கொஞ்ச நேரம் வாங்கி வச்சுக்கக் கூடாதா? அவங்க முதுகு என்னத்துக்கு ஆகும்?”

கணவன் தலைகுனிந்தான்.

“பையன் காய்ச்சல்ல போய்ட்டான், டாக்டர். அதுக்கப்புறம்தான் அவளுக்கு இந்த வலியே வந்தது.”

அவள் வெளியே வந்தாள். இடது இடுப்பை ஒடித்து, வெறும் இடது கையை அதன்மேல் அணைப்பாக வளைத்திருந்தாள். வலது கையால் மட்டும், சத்தம் வராதபடி, கதவை மெல்லச் சாத்தினாள்.